முதல் வீட்டு சோபா, கடைசி வீட்டு ஃபிரிட்ஜ்

கல்லூரியில் ஒரு முறை கருத்தரங்கு வைத்தார்கள். பொருள்களைக் குறைவாக வாங்க வேண்டும், இருப்பதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டும், அக்கம்பக்கத்தாரோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று ஒரு அம்மையார் மேடையில் பேசினார். "ஓர் ஏணி தேவைப்பட்டால் உடனே கடைக்கு ஓடாதீர்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிப் பாருங்கள்" என்றார். பலத்த கைதட்டல். இந்தக் கண்டுபிடிப்பைக் கேட்க வந்த ஒவ்வொருவருக்கும் புத்தம் புதிய துணிப்பை, புத்தம் புதிய தொப்பி, புத்தம் புதிய ஃபைல் கொடுத்தார்கள். புதிதாக எதையும் வாங்காதே என்று பையின்மேல் பச்சை எழுத்தில் அச்சடித்திருந்தது.

வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதை வைத்து அடுப்பிலிருந்து சோற்றுப்பானையை இறக்கினாள். "கொள்ளாம், நல்லாருக்கு, கை சுடல" என்றாள். அந்தக் கருத்தரங்கினால் உலகத்துக்கு விளைந்த நன்மை, எனக்குத் தெரிந்து, அது ஒன்றுதான்.

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவதைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எங்களுக்கு இருந்த பெரிய கடையே அந்தக் கதவுதான்.

கொச்சி மட்டாஞ்சேரியில், மிளகும் சுக்கும் அடுக்கிய கிடங்குகளுக்குப் பின்னால், ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் ஒரு வரிசை வீடுகள். எல்லாம் தமிழ்க் குடும்பங்கள். என் அப்பாவைப் போலச் சிலர் நகரத்து ஓடைகளைச் சுத்தம் செய்தார்கள். மற்றவர்கள் கிடங்கில் மூட்டை தூக்கினார்கள். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டிலிருந்து "நூறு" என்று குரல் வரும். அவ்வளவு மெல்லிய சுவர்.

அந்த வரிசைக்கு ஒரே ஒரு சோபா இருந்தது. ஃபோர்ட் கொச்சியில் ஒரு ஹோட்டலை மூடியபோது தள்ளுவண்டியில் ஏறி வந்தது. முதல் வீட்டில் குடியிருந்தது. ஒரே ஒரு ஃபிரிட்ஜ் கடைசி வீட்டில் இருந்தது. வளைகுடாவுக்குப் போன மகனின் உபயம். மிக்ஸி நடு வீட்டில். ஓரத்தில் பொன்கோடு போட்ட கண்ணாடிக் கிளாஸ்கள் ஆட்டோக்காரர் வீட்டில். அரக்கு நிறத்தில் ஒரு பட்டுச்சேலை. அது யாருடையது என்பது எல்லாருக்கும் மறந்தே போயிருந்தது. பெண் பார்க்க ஆள் வருகிறபோதெல்லாம் எந்த வீட்டுப் பெண்ணாக இருந்தாலும் அதைத்தான் கட்டினாள்.

எங்கள் வீட்டின் பங்கு என்ன என்று கேட்பீர்கள். படிப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அந்த வரிசையிலும் முதல் ஆள்தான், அடக்கம் கருதி இதுவரை சொல்லவில்லை. பள்ளியில் படித்ததெல்லாம் மலையாளம். தமிழ் எழுத்தை நானாகவே பழகினேன், சாயாக்கடையில் யாரோ படித்துப் போட்ட வாரப் பத்திரிகைகளை வைத்து. என் தமிழே செகண்ட் ஹேண்ட்தான். ஆக, எந்த வீட்டில் பெண் பார்த்தாலும் என் தடித்த புத்தகங்கள் அந்த வீட்டு அலமாரிக்குப் போகும். கூடவே, கட்டுரைப் போட்டியில் நான் வாங்கிய வெள்ளி நிறக் கோப்பையும் போகும். அந்தக் கோப்பையை எத்தனை பெண்கள் எத்தனை போட்டிகளில் வென்றிருக்கிறார்கள்! நீச்சலில் ஒருத்தி, தையலில் ஒருத்தி, பக்திப் பாட்டில் ஒருத்தி. நான் சுவரோரம் நின்று சாயா நீட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன்.

இதற்கு எங்கள் வரிசையில் 'வீடு நிறைக்கிறது' என்று பெயர். காலையில் எல்லா வீட்டு நல்ல சாமானும் ஒரு வீட்டுக்குள் ஏறும். வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போனதும் இறங்கித் தத்தம் வீட்டுக்குத் திரும்பும்.

பத்து நிமிடம் நடந்தால் ஜூ டவுன், பழம்பொருள் கடைகள் நிறைந்த யூதர் தெரு. அங்கே விரிசல் விட்ட ஊறுகாய் ஜாடியை ஒரு வெள்ளைக்காரம்மா குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு கடையிலிருந்து இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். அதே ஜாடியில், அதே விரிசலோடு, எங்கள் வீட்டில் உப்பு இருந்தது. அங்கே பழசுக்குக் கண்ணாடிப் பெட்டி, விளக்கு, விலைச்சீட்டு. எங்களிடம் இருக்கும்வரை அது வெறும் பழசு. ஆள் வரும்போது ஒளித்து வைக்க வேண்டியது.

வீடு நிறைப்பதில் ஒரு கோளாறு இருந்தது. அதை என்னைத் தவிர யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. வந்தவர்கள் சோபாவில் உட்கார்வார்கள், ஃபிரிட்ஜைப் பார்ப்பார்கள், பொன்கோட்டுக் கிளாஸில் குடிப்பார்கள். பிறகு, "உங்களுக்கு இருக்கற வசதிக்கு நாங்க கேக்கவா வேணும்? பொண்ணுக்கும் இதே மாதிரி புதுசா ஒரு செட் குடுத்துர மாட்டீங்களா?" என்பார்கள். இரவல் சாமானைக் காட்டிப் புதுச் சாமானுக்குக் கோரிக்கை வாங்கிக்கொள்வது. எங்கள் அக்காவுக்கு வந்த சம்பந்தங்கள் எல்லாம் இப்படித்தான் வந்த வழியே போயின.

"ஒண்ணும் நிறைக்காம ஒரு தடவை காட்டிப் பாரும்மா" என்று சொன்னேன்.

"ஒழிஞ்ச வீட்டுல எவன்டீ பொண்ணு எடுப்பான்? காலேஜ்ல இதான் படிப்பிக்கறாங்களா?" என்றாள் அம்மா.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். நாலாம் வகுப்போடு நிறுத்திவிட்டாள். இடக்கொச்சிப் பக்கம் ஒரு ஷெட்டில் இறால் உரிக்கும் வேலை. ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனிகள் எப்போதும் வெளுத்திருக்கும். என் புத்தகங்கள் அந்த இறாலில் இருந்து வந்தவை. அவள் அதைச் சொல்லிக் காட்டியதே இல்லை. அதற்குப் பதிலாக மற்ற எல்லாவற்றையும் சொல்லிக் காட்டுவாள்.

அப்படியிருக்க ஒரு புதுச் சம்பந்தம் வந்தது. எர்ணாகுளத்தில் ஒரு ஹோட்டலில் புரோட்டா மாஸ்டர். தேனிப் பக்கத்திலிருந்து தாயும் மகனுமாக வந்து குடியேறியவர்கள். போட்டோவைப் பார்த்த அக்கா யாரிடமும் எதுவும் சொல்லாமல், ஷெட் தோழி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு படகு ஏறிப் போய், அந்த ஹோட்டலில் புரோட்டா தின்றுவிட்டு வந்தாள். எங்கள் வரிசையில் பெண்ணே போய் மாப்பிள்ளை பார்த்தது அதுதான் முதல்.

"எப்படி?" என்று கேட்டேன்.

"கொள்ளாம்." அதற்குமேல் ஒரு பாராட்டு எங்கள் வரிசையில் கிடையாது. சிறிது நேரம் கழித்து அவளே சொன்னாள்: "மாவைப் போட்டு என்னா அடி அடிக்கிறாரு தெரியுமா. வீட்டுக்கு வரும்போ கையில சத்தே இருக்காது. நல்லதுதானே?" சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "இதும் தட்டிப் போச்சுன்னா எனக்கு வேற ஆளு பாக்கண்டா. சொல்லிட்டேன்" என்றாள். அக்கா ஒரு விஷயத்தைச் 'சொல்லிட்டேன்' என்று முடித்தால் அது முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைந்தது. முதல் வீட்டு சேச்சி முன்னால் வர, பின்னால் சோபா வந்தது. சேச்சியும் தமிழ்க்காரிதான்; ஆனால் எங்கள் வரிசையில் மூத்த பெண்கள் எல்லாரும் சேச்சிகள்தான். "மெல்ல, மெல்ல! அதில வெளிநாட்டுக்காரங்க இருந்திருக்காங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். எங்கள் வாசலில் அது நேராக நுழையாது. ஒருக்களித்து, தலைகீழாக்கி, நிலைப்படியில் கொஞ்சம் சுண்ணாம்பைப் பெயர்த்துத்தான் உள்ளே வந்தது. கடைசி வீட்டு ஃபிரிட்ஜை நாலு பேர் தூக்கி வந்தார்கள். எங்கள் வீட்டில் அதற்கு பிளக் கிடையாது. காட்டுவதற்கு மின்சாரம் எதற்கு?

இடம்தான் இல்லாமல் போயிற்று. சோபாவும் ஃபிரிட்ஜும் வந்ததும், எங்களுடைய சொந்தச் சாமான்களை எங்கே வைப்பது? கோரைப்பாய், நசுங்கிய அலுமினியப் பானை, பஞ்சு பிதுங்கும் தலையணை, அப்பா ஓடையில் இறங்கும்போது போடுகிற ரப்பர் பூட்ஸ். அம்மா சுற்றும் முற்றும் பார்த்தாள். பிறகு ஃபிரிட்ஜைத் திறந்து எல்லாவற்றையும் உள்ளே திணித்து, முழங்காலால் முட்டிக் கதவை மூடினாள்.

மாப்பிள்ளையோடு தாயும் தாய்மாமனும் வந்தார்கள். மாப்பிள்ளை ஒல்லியாக, தோள்பட்டை கீழே தொங்குகிற முழுக்கைச் சட்டையில் இருந்தார். தாய் சோபாவின் ஓரத்தில், அது தன்னை ஏதாவது செய்துவிடும் என்பதுபோல் உட்கார்ந்தார். தாய்மாமன் மட்டும் நடுவில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, அப்பாவிடம் ஊர், தொழில் எல்லாம் விசாரித்தார். அப்பா பதில் சொல்லச் சொல்ல அவர் முகம் கோணியது.

"இது என்னாங்க, தமிழா மலையாளமா? பாதிதான் வெளங்குது."

"வெளங்கின பாதி மதி, அது போதும்" என்று கதவுக்குப் பின்னாலிருந்து அக்கா முணுமுணுத்தாள். அரக்குப் பட்டு அவளுக்குக் கணுக்காலுக்கு மேல் நின்றது.

மாமனின் கண் ஃபிரிட்ஜின் மேலிருந்த என் கோப்பையில் விழுந்தது. "பிரைஸெல்லாம் வாங்கியிருக்கு?"

"மூத்தவ வாங்கினது. ஓட்டத்துல" என்றாள் அம்மா, கூசாமல்.

என் சொந்த வீட்டில்கூட அது எனக்குக் கிடைக்கவில்லை.

மாமன் தொண்டையைச் செருமினார். ஆரம்பித்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. "வீட்டைப் பாத்தாலே தெரியுது, குறை வைக்க மாட்டீங்க. பொண்ணுக்கு இதே மாதிரி ஒரு சோபா, ஒரு ஃபிரிட்ஜு, மிக்ஸி. எல்லாம் கடையில இருந்து நேரா, அட்டைப்பெட்டி பிரிக்காம வரணும். எங்க அந்தஸ்துக்குப் பழசு எடுக்க மாட்டோம்." அப்பா தலையாட்டினார். மறுக்க வேண்டிய இடத்தில் தலையாட்டுவது அப்பாவின் வழக்கம். பிறகு நாலு நாள் கழித்து ஆள் அனுப்பி இல்லை என்பார். முன்பு வந்த சம்பந்தங்களும் அப்படித்தான் முடிந்தன. அக்கா சாயாத் தட்டோடு வாசற்படியில் நின்று அப்பாவின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தட்டு வந்தது. மாமன் கிளாஸை எடுக்கவில்லை. "இந்த வேக்காட்டுல டீயா? ஐஸ் தண்ணி இருக்கும்ல" என்று எழுந்தார். ஃபிரிட்ஜ் கையெட்டும் தூரத்தில் இருந்தது. வீடு அவ்வளவு பெரியது. அம்மா பாய்வதற்குள் கதவைத் திறந்துவிட்டார்.

முதலில் பாய் சரிந்து அவர் தோளில் சாய்ந்தது. பிறகு பானை உருண்டது. கடைசியாக ஒரு பூட்ஸ், கொஞ்சம் யோசித்துவிட்டு, அவர் காலடியில் விழுந்தது.

முதலில் சுதாரித்தவள் சோபாவுக்குக் காவல் நின்ற சேச்சிதான். "ஃபிரிட்ஜ் கேடாயிப் போச்சு அண்ணே. அதான் சாமான் வச்சிருக்காங்க. நாளைக்கே புதுசு வருது. பொண்ணுக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணுன்னு ரெண்டா சொல்லிருக்காங்க." நல்ல பொய். வரிசை முழுதும் சேர்ந்து வளர்த்த பொய்களில் அது உயர்ந்த ரகம். அப்பா அதற்கும் தலையாட்டத் தொடங்கியிருந்தார்.

"வேண்டாம்பா. ஆட்டாதீங்க" என்றாள் அக்கா. தட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "அந்த சோபா முதல் வீட்டுது. ஃபிரிட்ஜு கடைசி வீட்டுது. இந்தக் கிளாஸு ஆட்டோக்காரர் வீட்டுது, பாத்துக் குடிங்க. சேலை எல்லார்க்கும் உள்ளது. பிரைஸ் என் தங்கச்சி கட்டுரைக்கு வாங்கினது. நான் ஓடினா ஷெட்டுக்குத்தான் ஓடுவேன். இதுல இந்த வீட்டுது நானும் அந்தப் பாயும்தான். புதுசா ஒண்ணும் வராது. இப்பவே சொல்லிட்டேன்."

மாமன் பாயை உதறிவிட்டுத் தாண்டிக் குதித்தார். "கூப்பிட்டு வச்சு ஏமாத்தறீங்களா? ஊரான் வீட்டு எச்சி சாமானைக் காட்டிப் பொண்ணு தள்ளப் பாக்குறீங்க! மாப்ள, எந்திரி! எந்திரிக்கா!"

தாய் எழுந்தார். மாப்பிள்ளை வாசல்வரை போய் நின்றார். அக்காவைப் பார்த்து, அன்று முழுவதும் பேசிய ஒரே வாக்கியத்தைப் பேசினார்: "இந்தச் சட்டையும் எங்கூட வேலை செய்யற சப்ளையரோடதுதாங்க." மாமன் அவரை இழுத்துக்கொண்டு படகுத்துறைப் பக்கம் போய்விட்டார்.

அன்று மாலையே சாமான்கள் இறங்கின. வழக்கமாக இறங்கும்போது இருக்கும் சிரிப்பும் கேலியும் இல்லை. பகிர்ந்து வாழ்கிறவர்களின் பெருந்தன்மை பற்றி அந்தக் கருத்தரங்கு அம்மையார் நிறையச் சொன்னார். அவர் எங்கள் வரிசைக்கு அந்த வாரம் வந்திருக்க வேண்டும்.

"எல்லார் மானத்தையும் எடுத்து வெளியில போட்டுட்டாளே! இனி எவ வீட்டுக்கு எவன் வந்தாலும் ஃபிரிட்ஜைத் திறந்துல்ல பாப்பான்" என்றாள் சேச்சி, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து, நாங்கள் கேட்க வேண்டும் என்றே. அடுத்த நாள் அரிசி உளுந்தோடு மிக்ஸி வீட்டுக்குப் போனேன். "கரண்ட் இல்ல மோளே" என்றார்கள். உள்ளே டிவி பாடிக்கொண்டிருந்தது. ஏணி கேட்டால் உடைந்துவிட்டது, இஸ்திரிப்பெட்டி கேட்டால் சூடேறுவதில்லை. எங்கள் வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை. என் புத்தகங்களும் வேண்டாதவை ஆயின. அம்மா அம்மியில் வெங்காயச் சட்னி அரைத்துக்கொண்டே அழுதாள். வெங்காயத்தின் மேல் பழி போட வசதியாக இருந்தது.

அக்கா வேலைக்குப் போனாள், வந்தாள். "சொன்னது தப்பா?" என்று ஒரு முறை என்னிடம் கேட்டாள். தப்பில்லை என்றேன். "தப்பில்லைன்னு எனக்கும் அறியும். ஆனா அவரு அந்தச் சட்டையைச் சொன்னாரு பாரு, அதை நினைச்சாத்தான்" என்று நிறுத்திவிட்டு, விரல் நுனியில் ஒட்டியிருந்த இறால் மீசையை எடுத்தாள். அக்கா அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் பார்க்கவில்லை, திரும்பிக்கொண்டாள்.

அடுத்த வாரத்தில் ஒரு நாள் மத்தியானம், மாப்பிள்ளையின் தாய் தனியாக வந்து நின்றார். முன்னறிவிப்பு இல்லை, நிறைக்க நேரமும் இல்லை, நிறைக்க யாரும் தயாராகவும் இல்லை. ஃபிரிட்ஜுக்குள் இருந்ததெல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. அம்மா பதறி, அந்தப் பாயையே விரித்தாள். அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அன்று சோபாவில் உட்கார்ந்ததைவிட எவ்வளவோ நிம்மதியாக இருந்தார்.

"டீ இருந்தாக் குடு தாயி. எந்தக் கிளாஸ்லயும் குடு" என்றார் என்னிடம். குடித்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். "எங்க வீட்லயும் ஒண்ணும் இல்லத்தா. ஒரே ரூமு. கட்டில் வீட்டுக்காரம்மாவோடது, ஃபேன் ஹோட்டல்காரர் குடுத்தது. அடுத்த ஞாயித்துக்கெழம நீங்க மாப்ள வீடு பாக்க வரணும். எங்கிட்ட காட்ட என்னா இருக்கு? அதான், அந்த சோபாவை ஒரு நாளைக்குக் குடுத்தனுப்புவாங்களான்னு கேக்க வந்தேன்."

சொல்லிவிட்டுத் தொடையில் தட்டிச் சிரித்தார். ஆனால் அம்மா அதற்குள் எழுந்து ஓடிவிட்டாள். முதல் வீட்டு வாசலில் நின்று, "மாப்ள வீட்டுக்கு சோபா வேணுமாம், எர்ணாகுளத்துக்கு" என்று மூச்சிரைக்கக் கேட்டுவிட்டாள்.

பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த சேச்சி, தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே வெளியே வந்தாள். "எர்ணாகுளத்துக்கா? என் சோபாவா?" வரிசை முழுதும் கேட்கிற குரல். "படகுல ஏத்த முடியாது. லாரி பிடிக்கணும். மேல பிளாஸ்டிக் ஷீட் போடணும், மழை வந்தா?" மிக்ஸி வீட்டிலிருந்தும் ஆட்டோ வீட்டிலிருந்தும் தலைகள் நீண்டன. அரை மணி நேரத்தில், சோபா எந்தப் பாலம் வழியாகப் போக வேண்டும் என்று எங்கள் வீட்டு வாசலில் எல்லாரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் விளையாட்டுக்குச் சொன்னார் என்று நான்தான் விளக்க வேண்டியிருந்தது. சேச்சிக்கு வந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் வருத்தத்தோடு பேசத் தொடங்கிவிட்டாள். மாலையில் மிக்ஸி வீட்டில் கரண்ட் வந்துவிட்டது.

"உங்க தம்பி?" என்று அம்மா தயங்கிக் கேட்டாள்.

"அவன் கெடக்கான். அவனுக்கு நான் அக்கா." அதோடு அந்த விஷயத்தை முடித்துவிட்டு, அக்கா வேலையிலிருந்து வரும்வரை காத்திருந்தார். அக்கா ஈரப் பாவாடையும் இறால் வாடையுமாக வந்து வாசலில் நின்றாள். "அன்னைக்கு நல்லாப் பேசுன. அங்க வந்தும் இப்பிடித்தான் பேசுவியா?" என்றார்.

"இதைவிட கூடுதல் பேசுவேன்" என்றாள் அக்கா.

"சரி" என்றார் அவர். அவ்வளவுதான் நிச்சயதார்த்தம்.

கல்யாணம் கோயிலில் நடந்தது. புதிதாக வாங்கியது தாலி ஒன்றுதான் என்று பெருமையாக எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் அம்மா தாங்கவில்லை. பெண்ணை வெறுங்கையோடு அனுப்பினால் ஊர் என்ன சொல்லும் என்று முந்தின நாள் முழுவதும் புலம்பினாள். எது வாங்கினாலும் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று அக்கா சொல்வாள் என நான் எதிர்பார்த்தேன். நான் படித்தவள், கொள்கை என்றால் முழுதாக இருக்க வேண்டும் எனக்கு. அக்கா, "அங்க பக்கெட் இல்லையாம். விசாரிச்சேன். வீட்டுக்காரம்மாகிட்ட கேட்டுக் கேட்டுக் குளிக்கறாங்களாம். பக்கெட் மட்டும் வாங்கு" என்றாள். அம்மா பஜாரை இரண்டு முறை சுற்றி, இருப்பதிலேயே பெரியதாக, மூடி போட்ட ஒரு சிவப்புப் பக்கெட்டை வாங்கி வந்தாள். சேச்சி அதைத் தட்டிப் பார்த்து, "கனம் போதாது" என்றாள்.

தாலி கட்டியதும் எல்லாரும் படகுத்துறைக்கு நடந்தோம். மாப்பிள்ளை கையில் அக்காவின் உடைகளோடு என் கருத்தரங்குத் துணிப்பை இருந்தது, புதிதாக எதையும் வாங்காதே என்று பச்சை எழுத்துப் போட்டது. அக்கா, கணுக்கால் தெரிகிற அரக்குப் பட்டை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு பலகையில் கால் வைத்தாள். பக்கெட் துறையிலேயே நின்றது. தாய்மாமன் கல்யாணத்துக்கு வந்திருந்தார். பந்தியில் இரண்டு முறை பாயசம் வாங்கிக் குடித்திருந்தார். இப்போது கையை வீசிக்கொண்டு படகேறப் போனவரை அவருடைய அக்கா, மாப்பிள்ளையின் தாய், கூப்பிட்டார்.

"ஏண்டா, சீர் சீர்னு கேட்டியே. அட்டைப்பெட்டி இல்ல, ஆனா கடையில இருந்து நேரா வந்தது. தூக்கு."

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். துறையில் எங்கள் வரிசை முழுவதும் நின்றிருந்தது. தூக்கினார். படகில் உட்கார இடம் இல்லை. எர்ணாகுளம் வரைக்கும் பக்கெட்டைப் பிடித்துக்கொண்டு, யாரையும் தெரியாதவர்போல, நின்றுகொண்டேதான் போனாராம். அக்கா எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. புரோட்டா மாஸ்டரிடம் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.